லிங்க் பகிரும்போது சரியான படம் வர என்ன செய்ய வேண்டும்?

வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க்கைப் போட்டால் மேலே படம், கீழே தலைப்பு, அதற்கும் கீழே தளத்தின் பெயர் என்று ஒரு பெட்டி வர வேண்டும். பல தமிழ்த் தளங்களுக்கு அப்படி வருவதில்லை. வெறும் முகவரி மட்டும் வருகிறது. இல்லையென்றால் பக்கத்தின் ஓரத்தில் கிடந்த ஏதோ ஒரு ஐகான் வருகிறது. அதுவும் இல்லையென்றால் நெற்றியோடு வெட்டுப்பட்ட ஒரு முகம். முன்பின் தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நாமே சொல்லிக்கொண்டிருக்கும் காலம் இது. படமும் பெயரும் இல்லாமல் வரும் முகவரியை அவர்கள் திறக்காமல் விட்டால் அது நியாயம்தான். ஆனால் நல்ல கட்டுரை ஒன்று இந்த ஒரு காரணத்தாலேயே படிக்கப்படாமல் போவது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் தளத்துக்கு இதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, வேண்டிய தகவல் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. படத்தின் அளவு ஓரிடத்தில், டேக் (பக்கத்தின் நிரலில் எழுதும் குறிப்பு வரி) விவரம் இன்னோரிடத்தில், பழைய படம் ஏன் போகமாட்டேன் என்கிறது என்பதற்குப் பதில் வேறெங்கோ. தமிழ் எழுத்தைப் படத்தில் வைக்கும்போது வரும் சிக்கல் பற்றி நான் பார்த்த கையேடுகளில் ஒரு வரிகூட இல்லை. புதிதாக வலைப்பூவோ சிறு தளமோ தொடங்குபவர்கள் அதே அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். டேக் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். தளத்தில் இடும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும்.

1. படம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் லிங்க்கை ஒட்டியவுடன் அந்தச் செயலி உங்கள் பக்கத்தைத் தேடிப் போய், அதன் நிரலில் தலைப்பகுதியை மட்டும் படிக்கிறது. அங்கே "ஓப்பன் கிராஃப்" என்ற முறையில் எழுதிய சில வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. அவற்றில் நான்கு அடிப்படையானவை (ஓஜி என்பது ஓப்பன் கிராஃப் என்பதன் சுருக்கம்): ஓஜி டைட்டில், ஓஜி டைப், ஓஜி யுஆர்எல், ஓஜி இமேஜ். இந்தக் கடைசி வரியில் எந்தப் படத்தின் முகவரி இருக்கிறதோ அதுதான் பெட்டியில் வரும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், லிங்க்ட்இன், டெலிகிராம், டிஸ்கார்டு எல்லாம் இதையே படிக்கின்றன. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, படிக்க வருவது மனிதர் இல்லை, ஒரு சிறிய நிரல். அது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. பக்கம் திறந்தபிறகு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வந்து சேரும் டேக்குகள் அதன் கண்ணில் படாது. ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் ஒற்றைப் பக்கமாகக் கட்டப்பட்ட தளங்களில் படம் வராமல் போக இதுதான் முதல் காரணம். இரண்டு, வாட்ஸ்அப்பில் பெட்டியைத் தயாரிப்பது அனுப்புபவரின் கைப்பேசிதான். ஒருமுறை அனுப்பிவிட்டால் அந்தச் செய்தியோடு அந்தப் படம் ஒட்டிக்கொள்ளும். பிறகு தளத்தில் படத்தை மாற்றினாலும், ஏற்கெனவே போன செய்திகளில் பழையதே இருக்கும். அதனால் சோதிக்காமல் எந்த லிங்க்கையும் குழுவில் போடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பாதி வேலையில் எழுந்து தேடாமல் இருக்க, இவற்றை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் நிர்வாகக் கணக்குக்கான பயனர் பெயர், கடவுச்சொல். அமைப்புக்கு லோகோ இருந்தால் அதன் மூலக் கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்துபோன நகல் வேண்டாம், அது ஏற்கெனவே சுருங்கி மங்கியிருக்கும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இரண்டு மூன்று நிறங்களின் எண். ஒரு ஃபேஸ்புக் கணக்கு. நீங்கள் ஃபேஸ்புக்கில் எழுதாவிட்டாலும் சோதனைக் கருவியைத் திறக்க அது தேவை.

இவற்றைவிட முக்கியமானது போட்டோவுக்கான அனுமதி. கூகுள் படத்தேடலில் கிடைத்ததை எடுத்துப் போடும் பழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது. முன்னோட்டப் படம் (பகிரும்போது பெட்டியில் வரும் படம்) என்பது உங்கள் தளத்துக்குள் மட்டும் இருப்பதில்லை, பகிரப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் போகிறது. உரிமை இல்லாத படமாக இருந்தால் பிரச்சினையும் கூடவே போகும். நண்பர் எடுத்த போட்டோ என்றால், "இந்தப் படத்தைத் தளத்திலும் பகிரும் படத்திலும் பயன்படுத்தலாமா?" என்று ஒரு செய்தி அனுப்பி, வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிப் படங்களில் குழந்தைகள் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் கேட்காமல் போடவே வேண்டாம். விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் என்ன உரிமம் என்று அதன் பக்கத்திலேயே இருக்கும். எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் உண்டு. படத்தின் மேல் இடமில்லை என்றால் கட்டுரையின் அடியில் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடுங்கள். அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ் இரண்டிலும் பணம் கட்டாமல் எடுக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சாயல் உள்ள படங்கள் அங்கே குறைவு. நீங்களே கைப்பேசியில் எடுக்கும் படம்தான் பல நேரம் சிறந்தது.

3. அளவும் எடையும்

அகலம் 1200 பிக்சல், உயரம் 630 பிக்சல். இந்த ஒரு அளவை வைத்துக்கொண்டால் போதும். லிங்க்ட்இன் 1200க்கு 627 கேட்கிறது, எக்ஸ் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கேட்கிறது. இந்தச் சிறு வித்தியாசங்களுக்காகத் தனித்தனிப் படம் செய்ய வேண்டியதில்லை, ஓரத்தில் இம்மியளவு வெட்டுப்படும், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கில் 600க்கு 315 பிக்சலுக்குக் கீழே போனால் பெரிய படத்துக்குப் பதில் சிறிய கட்டமாகச் சுருங்கிவிடும். 200க்கு 200ஐவிடச் சிறியதை அது ஏற்பதே இல்லை.

பலரும் கோட்டை விடுவது கோப்பின் எடையில். ஃபேஸ்புக் 8 எம்பி வரை ஏற்கும், எக்ஸும் லிங்க்ட்இன்னும் 5 எம்பி வரை ஏற்கும். இந்த எண்களைப் பார்த்துவிட்டு 2 எம்பி படத்தைப் போட்டால், ஃபேஸ்புக்கில் அழகாக வரும், வாட்ஸ்அப்பில் வராது. ஏன் வரவில்லை என்று எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. வாட்ஸ்அப்புக்கு 600 கேபிக்குள் இருக்க வேண்டும். நம் வாசகர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறார்கள் என்பதால் அதற்கு ஏற்றபடி செய்துவிடுங்கள். நான் 300 கேபியைத் தாண்டவிடுவதில்லை. மெதுவான இணைப்பில் இருந்து ஒருவர் பகிரும்போதும் படம் வந்து சேர வேண்டுமே.

கோப்பு வகையில் குழம்ப வேண்டாம். போட்டோ இருந்தால் ஜேபிஜி. வெறும் எழுத்தும் தட்டையான நிறமும் என்றால் பிஎன்ஜி. எஸ்விஜி கோப்பை ஓஜி இமேஜில் கொடுத்தால் வேலை செய்யாது. பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோவை அப்படியே கொடுப்பதும் வேண்டாம். சில செயலிகள் அந்தக் காலி இடத்தைக் கறுப்பாக நிரப்பும், கறுப்பு எழுத்து லோகோ அதில் காணாமல் போகும். எடையைக் குறைக்க ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இயங்குகிறது. தரத்தை 75, 80 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எடை மட்டும் பாதியைவிடக் குறைந்துவிடும்.

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவற்றில் மட்டும் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் முகவரியில் ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறிகளாக விரிந்து மிக நீளமாகிவிடும். நடுவில் எங்காவது ஒரு கருவி அதைத் தவறாகப் படித்தால் படம் கிடைக்காது. பெயருக்குள் இடைவெளியும் விடாதீர்கள்.

4. படத்தில் என்ன இருக்க வேண்டும்

கணினித் திரையில் 1200 பிக்சல் அகலத்தில் வடிவமைக்கிறோம். பார்ப்பவரின் கைப்பேசியில் அந்தப் பெட்டி கிட்டத்தட்ட 350 பிக்சல் அகலத்துக்குச் சுருங்குகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கணினியில் 36 பிக்சலில் தெளிவாகத் தெரிந்த எழுத்து அங்கே பத்து பிக்சல் ஆகிவிடும், யாராலும் படிக்க முடியாது. அதனால் முக்கிய வரி 80 பிக்சலுக்குக் குறையக் கூடாது. துணை வரி இருந்தால் 48. அதற்குக் கீழே எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு முறையும் வடிவமைப்பை முடித்ததும் திரையில் 30 சதவீதத்துக்குச் சுருக்கி, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

கட்டுரைத் தலைப்பை அப்படியே படத்தில் எழுத வேண்டியதில்லை. அது படத்துக்குக் கீழேயே வரப்போகிறது. ஒரு உதாரணம்: "ஆகஸ்ட் மாதச் சந்திப்பு: கரிசல் நிலச் சிறுகதைகள் குறித்த உரையாடல்" என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். படத்தில் "கரிசல் கதைகள்" என்ற இரண்டு சொல் பெரிதாக இருந்தால் போதும். பின்னணியில் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்ணின் ஒரு படம், மூலையில் வட்டத்தின் பெயர். மற்றதைத் தலைப்பு சொல்லிவிடும். அழைப்பிதழில் உள்ள எல்லாவற்றையும் (தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று) இந்தச் சின்னப் பெட்டிக்குள் திணிக்கும் ஆசையைக் கட்டாயம் அடக்குங்கள். அது அச்சடிக்கும் நோட்டீஸுக்கு உரியது.

தேதியைப் படத்தில் எழுதுவதா வேண்டாமா? நான் எழுதுவதில்லை. நிகழ்ச்சி ஒரு வாரம் தள்ளிப்போனால், ஏற்கெனவே குழுக்களில் சுற்றும் படத்தைத் திருத்த வழியில்லை. தேதி கட்டுரைக்குள் இருக்கட்டும், அங்கே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கைப்பேசி எண்ணும் அப்படித்தான். படத்தில் போட்ட எண் யார் யார் கைக்கோ போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

எல்லா இடத்திலும் முழுப் படம் தெரியும் என்று நம்பாதீர்கள். சில செயலிகள், சில திரைகள் நடுவில் இருக்கும் சதுரத்தை மட்டும் வெட்டிக் காட்டும். ஆகவே முகம், முக்கியச் சொல் இரண்டையும் நடுவில் 630க்கு 630 பிக்சல் கட்டத்துக்குள் அடக்குங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் போனாலும் பொருள் கெடக்கூடாது. எக்ஸ் தளம் தலைப்பைப் படத்தின் மீதே, அடிப்பகுதியின் இடது ஓரத்தில், சிறு பட்டையாக ஒட்டுகிறது. அந்த மூலையில் லோகோவை வைத்தால் மறைந்துவிடும். வலது மேல் மூலை பாதுகாப்பானது.

5. தமிழ் எழுத்து உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். "தொடக்கம்" என்று தட்டச்சு செய்தால் முதல் எழுத்தில் கொம்பு "த"வுக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். யூனிகோடில் அந்த உயிர்க்குறி "த"வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதைப் பிரித்து இரண்டு பக்கமும் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. மென்பொருளுக்கு அந்தத் திறமை இல்லையென்றால் கொம்பும் காலும் சேர்ந்தே "த"வுக்குப் பின்னால் தொங்கும், "கெ" என்பதில் கொம்பு பின்னால் போகும், "கு", "மு" இவற்றில் கீழே சேர வேண்டிய சுழி தனியாகப் பிரிந்து நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு இது தவறு என்றே தெரியாது. பெயர்ப் பலகைகளிலும் அரசு விளம்பரங்களிலும்கூட இந்தக் கோளாறைப் பார்க்கிறோம். நம் கையில் இருக்கும் ஒரு படத்திலாவது அது நடக்க விடக்கூடாது.

கான்வா, ஃபிக்மா, இங்க்ஸ்கேப் இவற்றில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து எழுதினால் பொதுவாகச் சரியாக வரும். போட்டோஷாப்பின் பழைய பதிப்பு வைத்திருந்தால் எழுத்து அமைப்புகளில் "வேர்ல்டு ரெடி லேஅவுட்" என்ற தெரிவை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் உடையும். சிலர் இதற்குப் பயந்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். படத்துக்குள் மட்டும் என்றால் பாதகமில்லை. ஆனால் அதே வரியை நகலெடுத்துத் தலைப்பு டேக்கிலோ மாற்று உரையிலோ (படத்தை விவரிக்கும் வரி) ஒட்டிவிடாதீர்கள், அங்கே அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டமாகத்தான் தெரியும். டேக்குகளில் யூனிகோடு தவிர வேறெதுவும் கூடாது.

ஒவ்வொரு பதிவுக்கும் படத்தை நிரல் வழியே தானாக உருவாக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிஎச்பியின் ஜிடி நூலகம் பொதுவாகத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைப்பதில்லை. பைத்தானின் பில்லோவில் "ராக்ம்" என்ற துணை நூலகம் நிறுவப்பட்டிருந்தால்தான் சரியாக வரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், படத்தை ஒரு சாதாரண வலைப்பக்கமாக வடிவமைத்து, குரோம் உலாவியைத் திரையில்லா முறையில் இயக்கி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உலாவிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

எழுத்துருக்களுக்குச் செலவில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை ஆகியவை கிடைக்கின்றன. எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பதால் வணிகத் தளத்திலும் பயன்படுத்தலாம். என் அனுபவத்தில் சுருங்கிய அளவில் தெளிவாக நிற்பது முக்தா மலரின் தடித்த வடிவம். மெல்லிய எழுத்துகள் கணினியில் நளினமாக இருக்கும், கைப்பேசியில் "ன"வும் "ள"வும் ஒன்றுபோலத் தெரியும்.

வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். தமிழில் மேலே "ி", "ீ" வளைவுகளும் கீழே "ு", "ூ" சுழிகளும் இருப்பதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியில் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் வளைவும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் வைத்தால் சரியாக இருக்கும். நம் சொற்கள் நீளமானவை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். "சிறுகதைகளுக்கான" என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துவிடும். மென்பொருள் தன் இஷ்டத்துக்குச் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினால், வேறு சொல்லைத் தேடுங்கள்.

6. படத்தைத் தளத்தோடு இணையுங்கள்

பிளாக்கர் வைத்திருந்தால் வேலை குறைவு. பதிவில் முதலில் இருக்கும் படத்தை எடுத்து, 1200க்கு 630 என்று அதுவே வெட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆக நீங்கள் செய்ய வேண்டியது, தயாரித்த படத்தைப் பதிவின் உச்சியில் ஏற்றுவதுதான். வேறு தளத்தில் கிடக்கும் படத்தின் முகவரியை ஒட்டாமல், பிளாக்கரிலேயே ஏற்றுங்கள். நெட்டுக்குத்தாக எடுத்த போட்டோ முதலில் இருந்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். தலை போய்விட்ட முகங்கள் வருவது இதனால்தான். அமைப்புகளில் "தேடல் விளக்கம்" என்பதை இயக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். வெளியிலிருந்து வாங்கிய பழைய டெம்ப்ளேட்டில் டேக் எதுவும் வரவில்லை என்றால், அதன் நிரலில் "ஆல் ஹெட் கன்டென்ட்" என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் தானாக இந்த டேக்குகளைச் சேர்ப்பதில்லை. யோஸ்ட், ரேங்க் மேத் என்ற நீட்சிகள் இரண்டில் ஒன்றை நிறுவுங்கள், இலவசப் பதிப்பு போதும். பதிவு எழுதும் பக்கத்தில் "சோஷியல்" என்ற பகுதி வரும், அங்கே படத்தை ஏற்றலாம். ஏற்றாவிட்டால் பதிவின் முகப்புப் படத்தை எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் தளம் முழுமைக்கும் பொதுவான ஒரு படத்தையும் கொடுத்து வையுங்கள், படமே இல்லாத பதிவுகளுக்கு அது கைகொடுக்கும். இரண்டு நீட்சிகளை ஒரே நேரத்தில் இயக்காதீர்கள். சில தீம்களும் தாமாக டேக் சேர்க்கும். ஒரே பக்கத்தில் இரண்டு ஓஜி இமேஜ் இருந்தால் எந்தப் படம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கையால் எழுதிய தளம் என்றால், மேலே சொன்ன நான்கோடு ஓஜி டிஸ்கிரிப்ஷன், ஓஜி இமேஜ் விட்த், ஓஜி இமேஜ் ஹைட், ஓஜி இமேஜ் ஆல்ட் நான்கையும் சேருங்கள். அகலத்தையும் உயரத்தையும் எண்ணாகக் கொடுத்துவிட்டால், முதல்முதலாகப் பகிர்பவருக்கே ஃபேஸ்புக்கில் படம் உடனே தெரியும். கொடுக்காவிட்டால் ஃபேஸ்புக் படத்தைப் பின்னால்தான் எடுத்து அளந்து பார்க்கும். முதல் பகிர்வு வெறுமையாகப் போகலாம். எக்ஸ் தளத்துக்கு "ட்விட்டர் கார்டு" என்ற டேக்கில் "சம்மரி லார்ஜ் இமேஜ்" என்று எழுத வேண்டும். பெரிய படம் வருவதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். மற்றவற்றை ஓஜி டேக்கிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும்.

படத்தின் முகவரி முழுமையாக இருக்க வேண்டும், "எச்டிடிபிஎஸ்" என்று தொடங்கி கோப்பின் பெயரோடு முடிய வேண்டும். தளத்துக்குள் பயன்படுத்தும் அரைகுறை முகவரி உலாவிக்குப் புரியும், வெளியிலிருந்து வரும் நிரல்கள் பலவற்றுக்குப் புரியாது. டேக்குகளைத் தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே வையுங்கள். வாட்ஸ்அப் பக்கத்தின் முதல் 300 கேபிக்குள் மட்டுமே தேடும். பக்க அலங்கார நிரல்கள் அதற்கு முன்னால் மூட்டையாக இருந்தால் டேக் அதன் கைக்கு எட்டாது.

7. சோதியுங்கள்

முதலில் உங்கள் பக்கத்தை உலாவியில் திறந்து, பக்கத்தின் மூலத்தைப் பார்க்கும் வசதியில் ஓஜி இமேஜ் வரியைத் தேடுங்கள். அதில் இருக்கும் முகவரியை நகலெடுத்து, கணக்கில் நுழையாத தனிச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். படம் மட்டும் தனியாகத் திறக்க வேண்டும்.

அடுத்து ஃபேஸ்புக்கின் ஷேரிங் டிபக்கர் என்ற சோதனைக் கருவி. லிங்க்கைக் கொடுத்தால் எந்தப் படம் வரும், எந்த டேக் குறைகிறது என்று எல்லாவற்றையும் காட்டும். லிங்க்ட்இன்னுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர் இருக்கிறது. எக்ஸ் தன் கார்டு சோதனைக் கருவியில் படம் காட்டுவதை நிறுத்திவிட்டதால், அங்கே ஒரு பதிவு எழுதத் தொடங்கி, லிங்க்கை ஒட்டிப் பார்த்துவிட்டு வெளியிடாமல் விடுவதுதான் வழி. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, அங்கே அனுப்பிப் பாருங்கள். முடிந்தால் ஆண்ட்ராய்டு ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும் பார்த்துவிடுங்கள்.

8. பழைய படம் போகவில்லை என்றால்

படத்தை மாற்றிவிட்டீர்கள், தளத்தில் புதியது தெரிகிறது, பகிர்ந்தால் மட்டும் பழையதே வருகிறது. இது உங்கள் தவறு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒருமுறை எடுத்த படத்தைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்கிறது. லிங்க்ட்இன் சுமார் ஏழு நாள் வைத்திருக்கும். ஃபேஸ்புக் இன்னும் நீண்ட காலம் வைத்திருக்கும். டிபக்கரில் "ஸ்க்ரேப் அகெய்ன்" பொத்தானை அழுத்தினால் புதிதாக எடுக்கும், சில நேரம் இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும். லிங்க்ட்இன்னுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டரில் லிங்க்கைக் கொடுத்தாலே போதும். டெலிகிராமில் "வெப்பேஜ்பாட்" என்ற கணக்குக்கு லிங்க்கை அனுப்பினால் அது புதுப்பித்துக்கொடுக்கும்.

வாட்ஸ்அப்புக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. நம்பகமான வழி, படத்தைப் பழைய பெயரிலேயே மாற்றி ஏற்றாமல் புதிய பெயரில் ஏற்றி, டேக்கிலும் புதிய பெயரைக் கொடுப்பது. அப்போதும் உங்கள் கைப்பேசியில் பழையதே வந்தால், லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, "வி" என்ற ஆங்கில எழுத்தும் சமக்குறியும் 2 என்ற எண்ணும் சேர்த்து அனுப்புங்கள். செயலி அதைப் புது முகவரி என்று எடுத்துக்கொள்ளும், திறப்பவருக்கோ அதே பக்கம்தான் திறக்கும்.

9. படமே வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள்

டேக் சரி, எடை சரி, ஆனாலும் வரவில்லை என்றால், சிக்கல் பெரும்பாலும் தளத்தின் வாசலில் இருக்கும். எங்கள் தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம், நிரல்கள் அடிக்கடி வருவதைத் தாக்குதல் என்று நினைத்து ஃபேஸ்புக்கின் நிரலையே தடுத்து வைத்திருந்தது. உலாவியில் எல்லாம் ஒழுங்காகத் திறந்ததால் பிரச்சினை எங்கே என்று பிடிபடவில்லை. டிபக்கரில் 403 என்ற எண் (அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள்) தெரிந்தபிறகுதான் விஷயம் புரிந்தது. உங்களுக்கும் 403 வந்தால் அவர்களுக்கு எழுதி, "ஃபேஸ்புக் எக்ஸ்டர்னல் ஹிட்" என்ற பெயரில் வரும் நிரலை அனுமதிக்கச் சொல்லுங்கள். உங்கள் படங்களை மற்றவர்கள் நேரடியாகப் பயன்படுத்தாமல் தடுக்கும் "ஹாட்லிங்க்" பாதுகாப்பு இயங்கினாலும் இதேதான் நடக்கும். முன்னோட்டப் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் அதை விலக்கலாம்.

ரோபாட்ஸ் கோப்பில் (வெளி நிரல்கள் எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் கோப்பு) படக் கோப்புறையைத் தடை செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எக்ஸின் நிரல் அதற்குக் கட்டுப்படும். பாதுகாப்புச் சான்றிதழ் முழுமையாக நிறுவப்படாத தளங்களில், உலாவி பொறுத்துக்கொண்டு திறக்கும், நிரல்கள் திரும்பிப் போய்விடும். கடவுச்சொல் போட்டு மூடிய தளத்துக்கும் இன்னும் வெளியிடாத வரைவுக்கும் எவ்வளவு முயன்றாலும் படம் வராது. வெளியிட்ட பிறகுதான் சோதிக்க முடியும்.

10. செலவும் நேரமும்

போட்டோஷாப்பைத் தவிர்த்தால், மேலே சொன்ன கருவிகள் எதற்கும் பணம் கட்டாமலே வேலையை முடிக்கலாம். கான்வாவில் கட்டணப் பிரிவில் உள்ள படத்தையோ வடிவத்தையோ தெரியாமல் சேர்த்துவிட்டால், பதிவிறக்கும்போது பணம் கேட்கும் அல்லது நீர்க்குறியோடு வரும். இலவசம் என்று குறித்தவற்றை மட்டும் எடுங்கள். வெளியில் ஒருவரிடம் கொடுத்துச் செய்வதென்றால், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பணம் கொடுக்காமல், எழுத்தையும் போட்டோவையும் நீங்களே மாற்றிக்கொள்ளும்படி ஒரு டெம்ப்ளேட் செய்துதரச் சொல்லுங்கள். மூலக் கோப்பு உங்களிடம் வர வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் டெம்ப்ளேட்டுக்கும் டேக் அமைப்புக்கும் ஒரு விடுமுறை நாள் பிற்பகலை ஒதுக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு பதிவுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் பதிவுகள் இருந்தால் எல்லாவற்றையும் திருத்த உட்காராதீர்கள். இன்றும் பகிரப்படும் பதிவுகள் எவை என்று தளத்தின் புள்ளிவிவரத்தில் பார்த்து, முதல் இருபதுக்கு மட்டும் படம் செய்யுங்கள். மற்றவற்றுக்குப் பொதுப் படம் போதும். நிகழ்ச்சி அறிவிப்பாக இருந்தால், குழுவில் போட வேண்டிய நேரத்துக்கு ஒரு நாள் முன்பே பதிவை வெளியிட்டுவிடுங்கள். படம் வராவிட்டால் 403 தொடங்கி எடை வரை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய அந்த ஒரு நாள் வேண்டும்.